பழைய லென்ஸ் வாங்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மிரர்லெஸ் கேமராக்கள் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத டிஜிட்டல் கேமராக்கள்) பரவலான பிறகு பழைய லென்ஸ்களுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. பிலிம் காலத்து நிக்கார், டகுமார், ஹீலியோஸ், கேனான் எஃப்.டி. என்று பீரோவில் உறங்கிக் கிடந்தவை கைமாறுகின்றன. வாங்க வருபவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான். முன் கண்ணாடியை ஜன்னல் பக்கம் சாய்த்துக் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருந்தால் பேரம் முறிகிறது. இல்லாவிட்டால் பணம் கொடுத்து வாங்கிப் போகிறார்கள். பிறகு படம் வெளிறி வருகிறது, ஓரம் மங்குகிறது, வெளிச்சம் தாறுமாறாகிறது என்று அலைகிறார்கள். படத்தைக் கெடுக்கும் கோளாறுகளில் கடைசி இடத்தில் இருப்பது அந்த முன்கண்ணாடிக் கீறல்தான். மற்றவற்றைப் பத்து நிமிடத்தில் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். லென்ஸ் பழுதுபார்க்கும் வேலை தெரிந்தவன் என்ற முறையில் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடம் ஒதுக்கி வெளியிட வேண்டுகிறேன்.

முதலில் கீறலின் கணக்கைப் பார்த்துவிடுவோம். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் முழுதாகத் திறந்திருக்கும்போது ஒளி நுழையும் வாயின் விட்டம், 50-ஐ 1.8-ஆல் வகுத்தால், ஏறக்குறைய 28 மி.மீ. பரப்பு 600 சதுர மி.மீ.க்குச் சற்று அதிகம். அதன்மேல் 10 மி.மீ. நீளம், 0.1 மி.மீ. அகலத்தில் ஒரு கீறல் இருந்தால் அது மறைப்பது 1 சதுர மி.மீ. வருகிற ஒளியில் அறுநூறில் ஒரு பங்கு. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அந்த வாய் முழுவதிலிருந்தும் ஒளி வந்து சேர்வதால், கீறல் படத்தில் கோடாக விழாது. அதே லென்ஸை எஃப் 16-க்குச் சுருக்கினால் வாய் 3 மி.மீ. சொச்சம்தான். கீறல் அதன் நடுவே ஓடினால் இருபத்தைந்தில் ஒரு பங்கை மறைக்கும். அப்போது, அதுவும் சூரியன் எதிரே நின்றால்தான், ஒளிக்கீற்றாகத் தெரியும். பின் கண்ணாடி விஷயம் வேறு. அது சென்சாருக்கு அருகில் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் போகிற ஒளிக்கற்றை அங்கே குறுகிவிட்டிருக்கும். முன்னால் பொருட்படுத்தத் தேவையில்லாத அதே கீறல் பின்னால் இருந்தால் உறுத்தும். பேரம் பேசுகிறவர்கள் முன்பக்கத்தைப் பார்க்கும் நேரத்தில் பாதியையாவது பின்பக்கத்துக்குக் கொடுக்க வேண்டும்.

இனி டார்ச் சோதனை. அறை விளக்கை அணைத்துவிட்டு, லென்ஸின் இரண்டு மூடிகளையும் கழற்றுங்கள். அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் வாயைச் சுருக்கி விரிக்கும் இதழ்கள், முழுதாகத் திறந்திருக்க வேண்டும். வளையம் உள்ள லென்ஸில் மிகச் சிறிய எண்ணுக்குத் திருப்பினால் போதும். நிக்கான் லென்ஸ்களில் பின்பக்கம் ஒரு சின்ன நெம்புகோல் நீட்டிக்கொண்டிருக்கும். வளையமே இல்லாத வகையானால், அதை விரல் நுனியால் தள்ளிப் பிடிக்க வேண்டும். கேனான் இ.எஃப். லென்ஸ் கேமராவிலிருந்து கழற்றிய நிலையில் தானாகவே திறந்திருக்கும். செல்போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்வாகப் பிடித்துக்கொண்டு, முன்பக்கமிருந்து உள்ளே பாருங்கள். டார்ச்சின் வெளிச்சம் கண்ணில் நேராக விழக் கூடாது. கண்ணாடிகளில் ஒட்டியிருப்பதை மட்டும் அது ஒளிரச் செய்ய வேண்டும். லென்ஸை மெதுவாகச் சுற்றுங்கள், பிறகு முன்பின் மாற்றிப் பிடித்து ஒருமுறை பாருங்கள். டார்ச்சுக்குப் பதில் சூரியனை நோக்கி ஒருபோதும் பிடிக்காதீர்கள். கண் போய்விடும்.

டார்ச் வெளிச்சத்தில் எந்த லென்ஸும் அழகாக இருக்காது. கடையிலிருந்து நேற்று வந்த லென்ஸிலும் தூசி மின்னும். பத்திருபது தூசிகள் படத்தில் எதையும் செய்யா. மிகப் பழைய லென்ஸ்களின் கண்ணாடிக்குள்ளேயே குண்டூசித் தலையளவு காற்றுக் குமிழி ஓரிரண்டு இருக்கலாம். அக்காலத்தில் கண்ணாடி வார்க்கும்போதே வந்தவை, பழுதல்ல. கண்ணாடியின் விளிம்பில் அடித்த கறுப்பு மை உரிந்து வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிவதும் உண்டு. பார்க்கத்தான் அசிங்கம், படத்துக்கு அதனால் பெரிய பாதிப்பு இல்லை. இவற்றைக் காட்டி விலையைக் குறைத்துக் கொள்ளலாம், லென்ஸை ஒதுக்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, பூஞ்சை. விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, சிலந்திவலை நூல் போலவோ மரக்கிளை போலவோ கிளைத்துக் கிளைத்துப் போகும். தூசி அப்படிக் கிளைக்காது. துணியால் துடைத்த கோடுகளும் கிளைக்காமல் வளைவாகவோ நேராகவோ ஓடும். இரண்டாவது, மங்கல். குளிர்ந்த கண்ணாடியில் வாயால் ஊதியதுபோல் ஒரு வெண்படலம் சீராகப் படிந்திருக்கும். மூன்றாவது, ஒட்டுப் பிரிவு. இரண்டு கண்ணாடிகளைப் பசை போட்டு ஒன்றாக ஒட்டியிருப்பார்கள். 1940, 50-களின் லென்ஸ்களில் அந்தப் பசை பெரும்பாலும் கனடா பால்சம் என்ற மரப்பிசின். அது காய்ந்து விட்டுப்போனால் விளிம்பில் வெள்ளிப் பிறையோ, தண்ணீரில் மிதக்கும் எண்ணெய் போன்ற வானவில் நிறமோ தெரியும். ஓரத்தில் நகக்கண் அளவு என்றால் படம் தாங்கும். நடுவரை வந்துவிட்டால் கண்ணாடியைப் பிரித்துச் சுத்தம் செய்து, மையம் பிசகாமல் மறுபடி ஒட்ட வேண்டும். சாதாரண 50 மி.மீ. லென்ஸுக்கு அந்தக் கூலியைக் கொடுப்பது வீண். அதே விலைக்கு நல்ல லென்ஸே கிடைக்கும்.

இந்த மூன்றில் பூஞ்சைக்கு எல்லோரும் அலறுகிறார்கள். மங்கலை யாரும் கண்டுகொள்வதில்லை. விளிம்பில் நாலு இழை பூஞ்சை இருக்கிற லென்ஸ் எடுக்கும் படத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் உள்கண்ணாடி முழுக்க மெல்லிய மங்கல் படிந்த லென்ஸ், வெளியே பளபளவென்று புத்தம் புதிதாக இருந்தாலும், கறுப்பைக் கறுப்பாகக் காட்டாது. ஃபோகஸ் வளையத்துக்குப் போட்ட கிரீஸிலிருந்து எண்ணெய் ஆவியாகி, வருடக்கணக்கில் உள்கண்ணாடியில் படிவதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். வெயிலில் நிறுத்திய காருக்குள் லென்ஸ் பையை விட்டுப் போகிறவர்களின் லென்ஸில் இது சீக்கிரமே வரும். உறுதிப்படுத்த ஒரு படம் போதும். வெளிச்சமான ஜன்னலுக்கு முன்னால் ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்து, ஜன்னலும் குடையும் சேர்ந்து வரும்படி எடுங்கள். பிறகு நம்பகமான வேறொரு லென்ஸால் அதே இடத்தில், அதே அளவுகளில் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். குடைத்துணி சாம்பல் பூத்ததுபோல் வந்தால் மங்கல் இருக்கிறது. இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. எண்ணெய் மங்கல் பெரும்பாலும் துடைத்தால் போய்விடும். கண்ணாடியையே அரித்துவிட்ட மங்கல் போகாது. திறந்து பார்க்காமல் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது என்பதால், மங்கல் லென்ஸை அதற்கேற்ற விலைக்கு மட்டும் வாங்குங்கள்.

பூஞ்சையைப் பற்றி நம் ஊருக்கென்று சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். அதன் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன, லென்ஸுக்குள்ளும் ஏற்கனவே இருக்கின்றன. அவை முளைக்க ஈரப்பதம்தான் வேண்டும். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால், கண்ணாடியில் இருக்கும் விரல் பிசுக்கையும் தூசியையும் தின்றே வளரும். கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் ஈரப்பதம் 80 சதவீதத்தைக் கடப்பது சாதாரணம். பூஞ்சை சுரக்கும் அமிலம் முதலில் கண்ணாடியின் மேற்பூச்சான கோட்டிங்கையும் பிறகு கண்ணாடியையும் அரிக்கிறது. கோட்டிங்கின் ஓர் அடுக்கு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் கனம். ஆகவே பூஞ்சையைக் கண்ட அன்றே சுத்தம் செய்தால் தடம் இல்லாமல் போகும். ஒரு மழைக்காலம் விட்டுவைத்தால் இழையைத் துடைத்த பிறகும் அதன் வடிவம் கண்ணாடியில் அச்சாக நிற்கும். பழைய தோல் உறைகள் அழகானவைதான், ஆனால் அவை ஈரத்தை உறிஞ்சிவைத்து லென்ஸுக்கு ஊட்டும். லென்ஸை வெளியே எடுத்து, உறையைத் தனியே வையுங்கள்.

பாதுகாப்பு முறை எளிது. மூடியில் ரப்பர் வாஷர் உள்ள, காற்றுப் புகாத 10 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, 100 கிராம் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கும் நீராவி அதிகபட்சம் 30 கிராம். டப்பாவின் 10 லிட்டர் காற்றில் 0.3 கிராம்தான் இருக்க முடியும். நூறு கிராம் ஜெல் அதைப்போல் பல மடங்கை எளிதாக உறிஞ்சும். ஜெல் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்றால் மூடி சரியில்லை, அல்லது டப்பாவை அடிக்கடி திறக்கிறீர்கள் என்று அர்த்தம். மீட்டர் 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்க வேண்டும். நீல ஜெல் ஈரமானால் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு ஜெல் பச்சையாகும். ஓவனில் 110, 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும். நீல நிறம் நச்சுள்ள கோபால்ட் உப்பால் வருவது. சமையல் பாத்திரத்தில் போட்டு வறுக்காதீர்கள், ஆரஞ்சு ஜெல்லே வாங்குங்கள். லென்ஸோடு பாச்சா உருண்டை போடுவதும், அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம். உருண்டையின் ஆவி கண்ணாடியில் படியும், அரிசியின் மாவுத்தூள் ஃபோகஸ் வளையத்துக்குள் போகும்.

வெயிலில் வைத்தால் பூஞ்சை செத்துவிடும் என்று பலர் மூடியைக் கழற்றி மொட்டை மாடியில் வைக்கிறார்கள். செத்தாலும் இழை அங்கேயேதான் இருக்கும். பூஞ்சையைக் கொல்லும் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை முன் கண்ணாடிகளே தடுத்துவிடும். லென்ஸ் ஒரு பூதக்கண்ணாடி என்பதையும் மறக்கக் கூடாது. வெயில் குவியும் இடத்தில் காகிதமோ துணியோ இருந்தால் தீப்பிடிக்கும்.

கண்ணால் பார்த்தது போதும். இனி கையால் பார்க்க வேண்டும். ஃபோகஸ் வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மிக மெதுவாகத் திருப்புங்கள். நெய் தடவியதுபோல் ஒரே சீராகப் போக வேண்டும். போகப் போக இறுகினால் கிரீஸ் காய்ந்துவிட்டது. பழைய சோவியத் லென்ஸ்களிலும் கிழக்கு ஜெர்மனியின் யேனா லென்ஸ்களிலும் இது சகஜம். சுத்தம் செய்து புதுக் கிரீஸ் போட்டால் சரியாகும், பயம் வேண்டாம். ஓரிடத்தில் மட்டும் கட்டை மாதிரி இடித்துப் போனால் லென்ஸ் கீழே விழுந்திருக்கலாம், மரையோ குழலோ நசுங்கியிருக்கலாம். முன்பக்கத்தில் ஃபில்டர் மாட்டும் விளிம்பு வட்டமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதில் ஒரு நசுங்கல் இருந்தால் விழுந்த கதை உறுதி. பிறகு முன் குழலைப் பிடித்து மேலும் கீழும் இலேசாக அசையுங்கள். மயிரிழை ஆட்டம் பழைய லென்ஸில் இருக்கும். டக் டக் என்று ஒலி வருமளவு ஆட்டம் இருக்கக் கூடாது. கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி உள்ள ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில், கேமராவில் மாட்டாதபோது உள்ளே ஏதோ உருளுவதுபோல் ஒலி வருவது இயல்பு. அதைப் பழுது என்று எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம்.

திருகுகளின் தலையைப் பாருங்கள். மவுண்டில் (லென்ஸ் கேமராவோடு பொருந்தும் வளையத்தில்) உள்ள திருகுகளில் ஒன்றிரண்டு தேய்ந்து மழுங்கியிருந்தால் யாரோ ஏற்கனவே திறந்திருக்கிறார்கள். ஜப்பான் லென்ஸ்களில் உள்ளவை ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர அளவுத் திருகுகள். பார்க்க நம் நட்சத்திரத் திருகு மாதிரியே இருக்கும். ஆனால் சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவரைப் போட்டால் முனை வழுக்கித் தலையைத் தின்றுவிடும். திறந்ததே குற்றமில்லை. திறந்தவருக்குத் தொழில் தெரியுமா என்பதை அந்தத் தலைகள் சொல்லிவிடும்.

அடுத்து அப்பர்ச்சர். இதழ்களில் எண்ணெய்ப் பூச்சு மின்னுகிறதா பாருங்கள். எண்ணெய் இருந்தாலே கெட்டுவிட்டது என்றில்லை. ஹீலியோஸ் 44-2 போல நாமே கையால் திருப்பிச் சுருக்குகிற லென்ஸில் எண்ணெய் இருந்தாலும் பாதகமில்லை, எந்தப் பழைய லென்ஸையும் அடாப்டர் (வேறு மவுண்ட் லென்ஸைப் பொருத்தும் இடைவளையம்) போட்டு மிரர்லெஸ் கேமராவில் கையால் சுருக்கிப் பயன்படுத்தினாலும் பாதகமில்லை. கேமரா பொத்தானை அழுத்தும் கணத்தில் தானாகச் சுருங்க வேண்டிய லென்ஸில்தான் அது வில்லங்கம். எண்ணெய்ப் பிசுக்கில் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஷட்டர் திறப்பதற்குள் சுருங்கி முடிக்காது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் எஃப் 16-க்குச் சுருங்காமல் முழுதாகத் திறந்தே நின்றுவிட்டால் 79 மடங்கு ஒளி கூடுதலாக நுழையும். படம் வெள்ளைத்தாளாக வரும். பாதி ஒட்டுகிற லென்ஸ் இன்னும் தொல்லை. ஒரு படம் சரியாக வரும், அடுத்தது வெளுத்துவிடும். ஃபோட்டோகிராபர் தன் அளவுகளையே சந்தேகிப்பார்.

இதைப் பிடிக்க இப்படிச் செய்யுங்கள். மேகம் ஓடாத வெளிச்சத்தில், ஸ்டாண்டில் கேமராவை வைத்து, மேனுவலில் ஐ.எஸ்.ஓ.வை (ஒளி உணர்திறன் அளவை) மாற்றாமல், எஃப் 2-ல் ஆயிரத்தில் ஒரு வினாடியில் தொடங்கி, ஒவ்வொரு படி சுருக்கும்போதும் வேகத்தைப் பாதியாக்குங்கள்: 2.8-க்கு 500, 4-க்கு 250, 5.6-க்கு 125, 8-க்கு 60, 11-க்கு 30, 16-க்கு 15. ஏழு படங்களும் ஒரே வெளிச்சத்தில் வர வேண்டும். திறந்த நிலையில் மூலைகள் கொஞ்சம் இருண்டிருப்பது எல்லா லென்ஸிலும் உண்டு, நடுவை மட்டும் ஒப்பிடுங்கள். எஃப் 8-க்கு மேல் படங்கள் படிப்படியாக வெளுத்துக்கொண்டே போனால் இதழ்கள் தாமதிக்கின்றன. எஃப் 16-லேயே ஐந்தாறு படம் தொடர்ச்சியாகவும் எடுங்கள். முதல் படம் மட்டும் வெளுத்து மற்றவை சரியாக வந்தால், ஆரம்பநிலை ஒட்டல்.

லென்ஸின் கூர்மையைச் சோதிக்கத் தங்கள் நாளிதழே போதும். நடுப்பக்கத் தாளை விரித்து, சுருக்கமில்லாமல் சுவரில் ஒட்டுங்கள். வரி விளம்பரப் பக்கமானால் நல்லது, எழுத்து பொடியாக இருக்கும். தாளின் நடுவில் முகம் பார்க்கும் சின்னத் தட்டைக் கண்ணாடி ஒன்றைச் சுவரோடு சேர்த்து ஒட்டிவிட்டு, கேமராவில் பார்க்கும்போது அந்தக் கண்ணாடியில் உங்கள் லென்ஸின் வாய் சரியாக நடுவில் தெரியும்வரை ஸ்டாண்டை நகர்த்துங்கள். இப்போது கேமரா சுவருக்கு நேர். 50 மி.மீ. லென்ஸுக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் தூரம் சரியாக வரும். லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில் நேரடியாகத் தெரியும் காட்சியில்) பெரிதாக்கி நடுவில் ஃபோகஸ் செய்து, முழுத் திறப்பில் ஒன்று, எஃப் 8-ல் ஒன்று எடுங்கள், இரண்டு வினாடி டைமரில். பிறகு கணினியில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் பாருங்கள். மெய்யெழுத்தின் புள்ளிதான் இங்கே அளவுகோல். ‘ம்’ என்ற எழுத்தின் தலையில் புள்ளி தனியாக, வட்டமாக நிற்கிறதா, அல்லது எழுத்தோடு இழுபட்டு வால் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய லென்ஸில் முழுத் திறப்பில் நான்கு மூலைகளும் ஒரே அளவுக்கு மங்கினால் அது அந்த லென்ஸின் இயல்பு. மூன்று மூலைகளில் புள்ளி தெளிவாக நின்று ஒன்றில் மட்டும் இழுபட்டால் ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கிறது.

ஆனால் சுவரோ கேமராவோ சாய்ந்திருந்தாலும் அதே மாதிரி வரும். சந்தேகம் தீரக் கேமராவைத் தலைகீழாக மாட்டி மறுபடி எடுங்கள். தாளின் அதே இடம் மறுபடி மங்கினால் சாய்வுதான் காரணம். மங்கல் தாளின் எதிர் மூலைக்கு மாறிவிட்டால் குறை லென்ஸில். கீழே விழுந்த லென்ஸில் இது வரும். ஜூம் லென்ஸின் உள்ளே குழல்களைத் தாங்கும் பிளாஸ்டிக் உருளைகள் உடைந்தாலும் வரும். கண்ணாடிகளுக்கு இடையே வைக்கும் மெல்லிய உலோக வளையங்களை முன்பு திறந்தவர் இடம் மாற்றிப் போட்டிருந்தாலும் வரும். சரிசெய்யக் கூடியதுதான். ஆனால் ஒளியியல் மேசை வைத்திருக்கும் இடத்தில்தான் முடியும், பேனா டார்ச்சோடு உட்கார்ந்து செய்கிற வேலையில்லை.

பழுது என்று சொல்லிக் கொண்டுவரப்படும் லென்ஸ்களில் ஒரு பகுதி பழுதே இல்லாதவை. நிக்கான் 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸைப் புதுக் கேமராவில் மாட்டியதும் திரையில் ‘எஃப்-ஈ-ஈ’ என்று மின்னினால் அப்பர்ச்சர் வளையம் 22-ல் இல்லை என்று பொருள். ஆரஞ்சு நிற 22-க்குத் திருப்பிப் பூட்டினால் தீர்ந்தது. அதே லென்ஸ் நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் தானாக ஃபோகஸ் செய்யாது. அந்தக் கேமராக்களில் மோட்டார் இல்லை, லென்ஸிலும் மோட்டார் இல்லை, கையால்தான் திருப்ப வேண்டும். 1977-க்கு முந்தைய, ஏ.ஐ. ஆக (வளையம் அப்பர்ச்சர் அளவைக் கேமராவுக்குத் தானாகத் தெரிவிக்கும் நிக்கானின் அமைப்புக்கு) மாற்றப்படாத நிக்கார் லென்ஸ்களிலோ எச்சரிக்கை வேறு திசையில் வேண்டும். அவற்றைப் பெரும்பாலான நிக்கான் டி.எஸ்.எல்.ஆர்.களில் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள டிஜிட்டல் கேமராக்களில்) வலிந்து திருகினால் லென்ஸுக்கு ஒன்றும் ஆகாது, கேமரா மவுண்டில் உள்ள சின்ன நெம்புகோல் ஒடிந்துவிடும்.

தூரத்து மரமும் கோபுரமும் தெளிவாக வரவில்லை, பக்கத்தில் மட்டும் சரியாக இருக்கிறது என்றால் முதலில் அடாப்டரைக் கேளுங்கள். எம்42 திருகு லென்ஸுக்கு மவுண்டிலிருந்து பிலிம் வரை 45.46 மி.மீ. தூரம் வேண்டும். நிக்கான் எஃப் மவுண்டின் தூரம் 46.5 மி.மீ. லென்ஸ் ஒரு மி.மீ.க்கு மேல் முன்தள்ளி நிற்கிறது. கண்ணாடி இல்லாத அடாப்டரில் அது தூரத்தைப் பிடிக்கவே முடியாது. கேனான் இ.எஃப். மவுண்ட் 44 மி.மீ. என்பதால் எம்42 அதில் அழகாக உட்காரும். அதே கேனானின் பழைய எஃப்.டி. லென்ஸுக்கு 42 மி.மீ.தான் வேண்டும் என்பதால் அது இ.எஃப். கேமராவில் ஒத்துவராது. சோனி இ மவுண்ட் 18 மி.மீ., எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. பொருத்தமான அடாப்டர் போட்டும் நிலாவைத் தெளிவாகப் பிடிக்காவிட்டால்தான் லென்ஸைத் திறந்தவர் மரையைத் தவறான வாயில் ஏற்றிவிட்டாரோ என்று யோசிக்க வேண்டும்.

டி.எஸ்.எல்.ஆரில் ஆட்டோஃபோகஸ் லென்ஸ் முகத்தைப் பிடிக்காமல் காதைப் பிடித்தால், அதே காட்சியை லைவ் வியூவில் எடுத்துப் பாருங்கள். அதில் கூர்மையாக வந்தால் கண்ணாடியில் குறையில்லை, ஃபோகஸ் அளவீட்டில்தான் பிசகு. கேனான் கேமராவில் ‘எர்ரர் 01’ வந்தால் லென்ஸின் பொன் முலாம் பூசிய தொடுமுனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பென்சில் அழிப்பான் வேண்டாம், முலாம் உரிந்துவிடும். துடைத்தும் வந்தால், முழுத் திறப்பில் ஒன்று, எஃப் 8-ல் ஒன்று எடுங்கள். திறப்பில் எடுத்தது பதிவாகி எஃப் 8-ல் மட்டும் பிழை வந்தால் அப்பர்ச்சருக்குப் போகும் பட்டைக் கேபிள் அறுந்திருக்க வாய்ப்பு மிகுதி. இதை மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

சில டகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ்கள் தேநீர் நிறத்துக்கு மஞ்சளாகியிருக்கும். ஏழு கண்ணாடி வகையில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது. அதன் கதிர்வீச்சே கண்ணாடியை நாளடைவில் பழுப்பாக்குகிறது. வெள்ளைத்தாளின்மேல் வைத்துப் பார்த்தால் உடனே தெரியும். புற ஊதா எல்.இ.டி. விளக்கின்கீழ் சில நாள்கள் தொடர்ந்து வைத்தால் மஞ்சள் வெளிறிவிடும். படம் எடுப்பதற்கு ஆபத்தில்லை. ஆனால் கண்ணாடியைத் தேய்ப்பதோ உடைப்பதோ, கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்க்கும் உருப்பெருக்கியாக்குவதோ கூடாது.

துடைப்பதில்தான் நல்ல லென்ஸ்கள் வீணாகின்றன. கடற்கரையில் எடுத்துவிட்டுச் சட்டை நுனியால் துடைத்தால் மணலே உப்புத்தாளாகும். முதலில் ரப்பர் குமிழால் காற்றடித்து மணலை வெளியேற்றுங்கள். கடல்நீர் தெறித்திருந்தால் ஆல்கஹாலுக்கு முன் வாலைவடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) தொட்ட துணியால் ஒற்றி எடுங்கள். உப்பு தண்ணீரில் கரையும், ஆல்கஹாலில் கரையாது. பிறகுதான் ஆல்கஹால், நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் புதுத் துணிமுனை. கீறலைப் போக்கப் பற்பசை, விபூதி எதையும் தேய்க்காதீர்கள். கீறல் போகாது, சுற்றியுள்ள கோட்டிங் போகும். தின்னரும் அசிட்டோனும் பிளாஸ்டிக் பாகங்களைக் கரைத்துவிடும். பூஞ்சைக்கு மெக்கானிக்குகள் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடையும் அம்மோனியாக் கரைசலையும் சம அளவில், அப்போதைக்குத் தேவையான சில சொட்டு மட்டும் கலந்து, காற்றோட்டமான இடத்தில் துடைப்பார்கள். கலந்ததைப் பாட்டிலில் அடைத்து வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும், பிளீச்சோடு சேர்ந்தால் நச்சுப் புகை வரும். ஏ.சி. மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் முத்து முத்தாக நீர் கோத்தால் துடைக்காதீர்கள். வெளியே வருவதற்கு முன்பே ஜிப் உறையில் போட்டு அரை மணி நேரம் விட்டால் நீர் உறையின்மேல் கோக்கும், கண்ணாடி தப்பிக்கும்.

இறுதியாகப் பழைய லென்ஸ் விற்கும் கடைக்காரர்களுக்கும் இணையத்தில் விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘கண்டிஷன் சூப்பர், கீறல் இல்லை’ என்று எழுதுவதற்குப் பதிலாக நான்கு படங்களைப் போடுங்கள்: பின்னால் டார்ச் அடித்து முன்பக்கமிருந்து எடுத்தது ஒன்று, எஃப் 8-க்குச் சுருக்கி இதழ்கள் தெரிய எடுத்தது ஒன்று, சுவரில் ஒட்டிய நாளிதழை முழுத் திறப்பிலும் எஃப் 8-லும் எடுத்தவை இரண்டு. வாங்குபவர்களும் இந்த நான்கையும் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே பணம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கேமரா லென்ஸ் பழுதுபார்ப்பவர்,
நாகப்பட்டினம்.